பணப்பைக்குள் ஒரு மின்காந்தப் பாடம்

மைசூரு சமஸ்தானத்தில் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருப்பெற்ற சிவசமுத்திர நீர்மின் திட்டம், 1902இல் செயல்படத் தொடங்கியது. காவிரி அருவியின் விசையால் பிறந்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்க வயலை அடைந்தது. அன்று அந்த மின்னாக்கிகளில் செயல்பட்ட அதே இயற்கை விதி, இன்று மைசூரு ராமாபுரத்துக் கடையொன்றில் நாம் வங்கி அட்டையைக் கருவியருகே காட்டிப் பணம் செலுத்தும்போதும் செயல்படுகிறது. அவ்விதியை அறிந்தால், சந்தையில் விற்கப்படும் உலோக அட்டை உறைகளின் பயனையும் எல்லையையும் நாமே மதிப்பிடலாம்.

தூண்டல் என்பது என்ன?

ஒரு கம்பிச்சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறும்போது, அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த இவ்வுண்மையே மின்காந்தத் தூண்டல் எனப்படுகிறது. மின்னாக்கியில் சுழற்சி அம்மாற்றத்தைத் தருகிறது. கடைக் கருவியிலோ மாறுதிசை மின்னோட்டம் தருகிறது. அதன் காந்தப்புலம் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறுகிறது. அட்டைக்குள் மின்கலம் ஏதும் இல்லை. அதனுள் மறைந்துள்ள மெல்லிய கம்பிச்சுருளில் தூண்டப்படும் மின்சாரமே சில்லை இயக்குகிறது. தொலைவு கூடக்கூடப் புலம் மிக விரைவாகக் குன்றுவதால், சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் மட்டுமே இது நிகழும்.

உலோக உறை காப்பது எவ்வாறு?

தூண்டல் அடுப்பில் இரும்புப் பாத்திரம் சூடாகிறது, மண்சட்டி சூடாவதில்லை. மாறும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குவதே காரணம். அம்மின்னோட்டங்கள் தம்மைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் என்பது லென்சின் விதி. அட்டையை அலுமினியத் தகடு இருபுறமும் சூழ்ந்திருந்தால், தகட்டில் எழும் எதிர்ப்புலம் வெளிப்புலத்தைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். சுருளுக்குப் போதிய மின்சாரம் கிட்டாது; சில்லு உறங்கிக்கிடக்கும். அட்டைக்கு உயிர்தரும் தூண்டலே உறைக்கும் காவலாகிறது.

ஆயினும், இக்காப்பு புலத்தின் அலைவு வேகத்தைப் பொறுத்தது. கடைக் கருவியின் புலம் அலுமினியத்தினுள் சுமார் 0.02 மில்லிமீட்டர் செல்வதற்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடுகிறது. வீட்டு மின்சாரத்தைப்போல் நொடிக்கு 50 முறை அலைவுறும் புலம் அந்த அளவுக்குத் தேய, சுமார் 12 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். மாறாத காந்தப்புலத்தையோ அலுமினியம் தடுப்பதே இல்லை. ஆதலால் வலிய காந்தத்தின் அருகே வைத்தால், அலுமினிய உறைக்குள் இருப்பினும் அட்டையின் காந்தப்பட்டை கெடக்கூடும்.

உறையால் இயலாதவை

தொலைந்த அட்டையை எடுத்தவர் உறையினின்று உருவிவிட்டால் காப்பு முடிந்தது. 2021 ஜனவரி முதல், ரூ.5,000 வரையிலான தொடாப் பரிவர்த்தனைகளுக்கு இரகசிய எண் தேவையில்லை என்பதை நினைவில் கொள்வோம். தொலைபேசியில் ஏமாற்றிப் பெறப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எந்த உலோகமும் தடுக்காது.

எனவே, உறையோடு நில்லாது பின்வருவனவற்றையும் கடைப்பிடிப்போம்:

• தொடாப் பரிவர்த்தனை தேவையில்லை எனில், வங்கிச் செயலி வாயிலாக அவ்வசதியை நிறுத்திவைப்போம். தேவையெனில் வரம்பைக் குறைத்துக்கொள்வோம். இவ்வசதியை வாடிக்கையாளருக்கு அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2020இல் பணித்துள்ளது.

• அட்டை தொலைந்தால் உடனே வங்கிக்கு அறிவித்து முடக்குவோம்.

• குறுஞ்செய்தி அறிவிப்புகளைத் தவறாது படிப்போம். வங்கியிடமோ நம்மிடமோ குறையின்றி மூன்றாம் தரப்பால் இழப்பு நேர்ந்து, அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முறையிட்டால், இழப்பு நம்மைச் சேராது என்பது 2017ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி நெறிமுறை.

உலோக உறை அட்டையைக் காக்கும். கணக்கைக் காப்பது நம் விழிப்பே.