கன்னியா முதல் கோணேசர் வரை: போனை வைத்துப் புதையல் தேட அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நீயும் உன் கூட்டாளியும் ஞாயிற்றுக்கிழமை ஜியோகேஷிங் போகப் போறீங்களாம், அதுதான் ஜிபிஎஸ் எண்களை வைத்து ஒளித்த பெட்டியைத் தேடுகிற விளையாட்டு, அம்மா சொன்னா. நல்ல விளையாட்டுத்தான். செலவு குறைவு, நடை கூட. ஆனால் யூடியூப்பில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மரப்பொந்துக்குள் கையை விட்டுப் பெட்டி எடுப்பதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரித் திருகோணமலை அன்புவழிபுரத்தில் செய்ய வெளிக்கிட வேண்டாம். எங்கட ஊரில் இந்த விளையாட்டைப் பொது இடத்தில் பெட்டி வைக்காமல் விளையாடுவதுதான் புத்தி. அப்படி விளையாடினாலும் சுவாரசியம் குறையாது.

முதலில் இது தொடங்கிய கதை. 2000ஆம் ஆண்டு மே 2 வரைக்கும் அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. அன்றைக்கு அதை நிறுத்தியதும், நூறு மீற்றர் தவறிக் காட்டிய கருவி இருபது மீற்றருக்குள் வந்துவிட்டது. அடுத்த நாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரம் வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். வாளிக்குள் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்ததாம். இன்றைய விதிப்படி பெட்டிக்குள் சாப்பாட்டுச் சாமான் கூடாது. எங்கட குரங்குகளைப் பார்த்த எவரும் அந்த விதிக்குக் கைதட்டுவார்கள்.

இனி ஏன் பெட்டி வேண்டாம் என்று கேள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இந்த நாட்டில் ஆளில்லாமல் கிடக்கும் எந்தப் பொதியையும் சனம் சும்மா பார்ப்பதில்லை. கோட்டைக்குள் இராணுவ முகாம், துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படை. அந்தப் பக்கம் டேப் சுற்றிய டப்பா ஒன்றை மரத்தடியில் வைத்தால் உனக்கு அது விளையாட்டு, காவலில் நிற்கிறவருக்கு அது வேலை. இன்னொன்று, இது போர் நடந்த மண். ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் கம்பால் கிளறுவது, கல்லைப் புரட்டுவது, கிண்டுவது ஒன்றும் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால் வந்த அடியிலேயே திரும்பு. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல் 119க்குச் சொல்லு. நிலச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் நிலத்தைக் கிண்டிப் புதைக்கக் கூடாது என்பது ஜியோகேஷிங்கின் உலக விதியும்தான். தொல்லியல் இடங்களில் கிண்டினால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் சேர்ந்து வரும்.

அப்ப என்ன செய்வது? ஆளுக்கு இரண்டு மூன்று இடம் தெரிவு செய்யுங்கள். மற்றவளுக்குத் தெரியாமல் அந்த இடத்தின் எண்களை ஒரு துண்டில் எழுதி, கூடவே அங்கே போய் நின்று பார்த்தால்தான் விடை கிடைக்கும் கேள்வி ஒன்றையும் எழுதுங்கள். துண்டை மாற்றிக்கொண்டு தேடுங்கள். எர்த்கேஷ் என்று ஒரு வகை 2004இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது. அதிலும் பெட்டி கிடையாது. பாறையையோ ஊற்றையோ பார்த்து விடை சொல்ல வேண்டும். நாங்கள் அதைக் கொஞ்சம் எங்கட வசதிக்கு வளைக்கிறோம், அவ்வளவுதான்.

எண்களில்தான் கனபேர் சறுக்குகிறார்கள், இதை மட்டும் கவனமாக வாசி. கூகுள் மேப்பில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்தால் 8.5825 என்ற மாதிரித் தசமத்தில் காட்டும். ஜியோகேஷிங்கில் எழுதுவது பாகையும் நிமிடமும். மாற்றுவது சின்ன வேலை. தசமத்துக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்கு. 0.5825ஐ 60ஆல் பெருக்கினால் 34.95. ஆகவே அது வடக்கு 8 பாகை 34.95 நிமிடம், கோணேசர் கோயில் பக்கம். இதை மாற்றாமல் 8.3495 என்று அடித்தால் போன் உன்னை 26 கிலோமீற்றர் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போகும். நிமிடத்தின் முதலாம் தசமத்தில் ஒரு இலக்கம் பிழைத்தால் ஏறக்குறைய 185 மீற்றர். அந்தக் கோயில் நிற்கிற சுவாமி மலையில் கிழக்குப் பக்கமாக அந்தப் பிழை விட்டால் நீ தேட வேண்டியது கடலுக்குள். மூன்றாம் தசமம் வெறும் இரண்டு மீற்றர், அதற்காகச் சண்டை பிடிக்காதீங்கோ.

போன் வெளி வானத்தில் மூன்று முதல் ஐந்து மீற்றருக்குள் சரியாகக் காட்டும். பெரிய மரத்துக்கும் பாறைச் சுவருக்கும் கீழே அது தடுமாறும், புள்ளி அங்கும் இங்கும் ஓடும். அப்போது புள்ளிக்குப் பின்னால் ஓடாமல் வெளியில் வந்து ஒரு நிமிடம் அசையாமல் நில். கடைசிப் பத்து மீற்றருக்குப் போன் தேவையே இல்லை. பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் பார். வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள், டேட்டா இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் பேட்டரியைக் குடிக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனைப் போட்டு வைக்காமல், ஒருத்தி போனைப் பார்க்கட்டும், மற்றவள் நிலத்தைப் பார்க்கட்டும். இடத்துக்கு இடம் மாறிக்கொள்ளுங்கள். நிலத்தைப் பார்க்கிறவள் சும்மா வருகிறாள் என்று நினைக்காதே. காய்ந்த சருகுக்குள் புடையன் பாம்பு கிடந்தால் சருகு மாதிரியேதான் இருக்கும்.

காலையில் முதல் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போங்கள், வெயிலுக்கு முந்தி. அநுராதபுர வீதி பஸ்ஸில் போய் இறங்கி உள்ளே கொஞ்சத் தூரம் நடை. ஏழு கிணறும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, எட்டிப் பார்த்தால் அடி தெரிகிற ஆழம். ஆனால் ஒரே சூடு இல்லை. ஒன்றில் வாளி விட்டு அள்ளிக் காலில் ஊற்றினால் இதம், பக்கத்துக் கிணற்றுத் தண்ணி காலைப் பின்னுக்கு இழுக்க வைக்கும். இதைவிட நல்ல கேள்வி எங்கே கிடைக்கும்? ஏழையும் சூட்டின்படி வரிசைப்படுத்தச் சொல்லி எழுது. இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள், கட்டாயம் வேறுபடும். இலங்கையில் எரிமலை இல்லையே, தண்ணி எப்படிச் சூடாகிறது என்பதை இரண்டாம் கேள்வியாக வை. விடை, மழைத் தண்ணி பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே திரும்புகிறது. இராவணன் தாய்க்குக் கருமம் செய்ய நிலத்தில் குத்திய இடம் என்பது ஐதீகம். இப்பவும் முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்குக் குடும்பங்கள் வரும். அப்படி யாரும் நின்றால் போனை உள்ளே வைத்துவிட்டு ஒதுங்கி நில். விளையாட்டுக் காத்திருக்கும்.

அதே வீதிப் பக்கம் இன்னும் உள்ளே போனால் பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டு உள்ள இடம். கல்லில் உன்னால் வாசிக்கக்கூடிய ஒரு எழுத்தைக் கண்டுபிடி என்பது போதும், படிப்பதாக நினைத்துக் கல்லைத் தடவாதே. ஆட்டோ பேசிப் போனால் மட்டும் போங்கள், நடை வேண்டாம். அந்தப் பக்கக் காடுகளில் யானை வரும். பின்னேரம் அங்கே நிற்கவே கூடாது.

மத்தியான வெயிலில் ஒன்றும் செய்யாதே. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பன்னிரண்டு மணிக்குத் தேடப் போனால் தலையிடிதான் கிடைக்கும். சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு நிழலில் இரு.

நாலு மணிக்குப் பிறகு கோட்டை. வாசல் கல்லில் இரட்டை மீனும் பழைய தமிழ் எழுத்தும் செதுக்கியிருக்கிறது. உள்ளே கோணேசர் கோயிலுக்குப் போகிற சனத்தில் கனபேர் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால் நல்ல கேள்வி. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, 1803இல் பிரெடெரிக் கோட்டை என்று பெயர் மாறியது. வாசல் எந்தப் பக்கத்தில் மீன் இருக்கிறது, தலை எந்தத் திசை என்று கேள். உள்ளே முகாம் இருப்பதால் போனைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பக்கமும் சுற்றாதே. படம் கூடாது என்ற பலகை உள்ள இடத்தில் கேள்வியே வைக்காதே. அங்கே திரிகிற மான்களுக்குத் தீன் கொடுக்காதே. கோயிலடியில் உள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டில் வேலிக்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம், எண் எங்கே காட்டினாலும் சரி. மிச்சம் நேரம் இருந்தால் நிலாவெளி வீதியில் உள்ள இரண்டாம் உலகப் போர் மயானமும் நல்ல இடம். 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டார்கள். கல்லறைக் கல்லில் உள்ள சின்னங்களைப் பார்த்துக் கேள்வி எழுதலாம். அங்கே ஓடிப் பிடிக்க வேண்டாம், மெதுவாக நட.

யாராவது "என்ன தங்கச்சி தேடுறீங்க?" என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். ஒளிக்காதே. "அண்ணை, மேப் பார்த்து இடம் கண்டுபிடிக்கிற விளையாட்டு" என்று சொல்லித் துண்டைக் காட்டு. பாதிப் பேர் தாங்களும் சேர்ந்து தேடுவார்கள். உத்தியோகத்தர் போகச் சொன்னால் போ, வாதாடாதே.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம். மூடிய சப்பாத்து, தண்ணி, தேசிக்காய்த் தண்ணியில் கொஞ்சம் உப்பு, நுளம்புக்குப் பூசுகிற மருந்து, பவர் பேங்க், சித்தாலேப தைலம். பேனை வேண்டாம், பென்சில் கொண்டுபோ. வியர்வைக் கையில் மை ஊறும். 1990 அம்புலன்ஸ் எண்ணை இரண்டு போனிலும் போட்டு வை. எந்த ஒழுங்கில் எங்கே போறீங்க என்று அம்மாவிடம் எழுதிக் கொடு, அவவுக்கு விடை தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்லமாட்டா.

பெட்டி வைத்தே ஆகவேணும் என்று உன் கூட்டாளி அடம்பிடித்தால், பெரியம்மா வளவில் கேட்டு வை. ஐஸ்கிரீம் டப்பா வேண்டாம், மூடி ஒரு மழையும் தாங்காது. நாலு பக்கமும் கிளிப் பூட்டுகிற சாப்பாட்டுப் பெட்டி எடு. உள்ளே ஒரு சின்னக் கொப்பி, பென்சில், மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று சின்னச் சாமான். மேலே உன் பெயரையும் இது விளையாட்டுப் பெட்டி என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுது. எடுப்பவர் எடுத்ததற்குக் குறையாத பெறுமதியில் ஒன்றை வைக்க வேணும். ஜியோகேஷிங் ஆப்பில் பதிவதென்றால் அடுத்த பெட்டிக்கும் இதற்கும் 161 மீற்றர் இடைவெளி வேணும், வளவுக்காரரின் சம்மதமும் வேணும். வாடை மழை தொடங்க முந்தி ஒருக்கால் திறந்து பார், கொப்பி ஈரமென்றால் மாற்று. பல்கலைக்கழகம் கிடைத்து ஊரை விட்டுப் போகிற அன்றைக்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போ. பெரியம்மாவுக்கு ஏற்கெனவே கூட்டுகிற வேலை போதும்.