ரத்தம் குடிக்காத புழுவுக்கு அது எதற்கு?

கேள்வி: தூண்டில் முள்ளில் கோக்கும்போது மண்புழுவிலிருந்து சிவப்பாக ரத்தம் கசிகிறது. அதன் உடம்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் பொருள் இருக்கிறதாமே? ரத்தம் குடிக்காத புழுவுக்கு அது எதற்கு?

பதில்: அருமையான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். பலரும் மண்புழுவை அட்டையோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் உறைந்தால் அது பட்டினிதான். அதனால் அதன் உமிழ்நீரில் ஹிருடின் என்ற புரதம் இருக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் திராம்பினை அது முடக்கிவிடும். மண்புழுவின் கதையே வேறு.

சொந்த ரத்தம் உறையாமல் இருக்கத்தானோ என்றால், அதுவும் இல்லை. நம் காயத்தில் ரத்தத்தைக் கட்டியாக்குவது ஃபைப்ரின் எனும் புரத நூல்வலை. அந்த ஏற்பாடு முதுகெலும்புள்ள உயிர்களுக்கே உரியது, புழுவிடம் கிடையாது.

விடை அதன் குடலில் இருக்கிறது. மட்கிய இலை, பூஞ்சை, பாக்டீரியா எல்லாவற்றையும் மண்ணோடு விழுங்கும் புழு, அவற்றிலுள்ள புரதத்தை வெட்டிச் செரிக்க நொதிகளைச் சுரக்கிறது. (நொதி என்றால் உடலின் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம்.) அவற்றில் சில ஃபைப்ரினையும் வெட்டுகின்றன. ஃபைப்ரினும் புரதம்தானே! ஜப்பானில் மிஹாரா ஹிசாஷி குழுவினர் 1983-இல் இதைக் கண்டார்கள். தட்டில் பரப்பிய ஃபைப்ரின் படலத்தில் மண்புழுச் சாற்றைச் சொட்டு விட்டால், அந்த இடம் மட்டும் கரைந்து தெளிந்துவிடும். இந்த நொதிக் கூட்டத்துக்கு லம்ப்ரோகைனேஸ் என்று பெயர். லும்ப்ரிகஸ் என்ற மண்புழுப் பேரினத்தின் பெயரிலிருந்து வந்தது. வலையை நேராக வெட்டுவதோடு, நம் ரத்தத்தில் சும்மா கிடக்கும் பிளாஸ்மினோஜனையும் அது தட்டி எழுப்புகிறது. எழுந்த பிளாஸ்மினோஜன் பிளாஸ்மினாக மாறி, கட்டியைக் கரைக்கும். ஹிருடின் வலை பின்னாமல் தடுப்பது. இது பின்னிய வலையை அறுப்பது. உலர்ந்த மண்புழுவை ‘நில டிராகன்’ என்று பெயரிட்டு மருந்தாக்கிய சீன மருத்துவர்களுக்கு இந்த நொதியைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை.

ஒரு வேண்டுகோள். லம்ப்ரோகைனேஸ் மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ மாத்திரை தேடி நிற்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.