ஃப்ரிட்ஜ் இல்லாமலும் கெடாது!

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாட்களில் கைகொடுப்பது கோடை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்ததுதான். புயல் ஐப்பசி, கார்த்திகையில் வரும். வேலையைச் சித்திரையிலேயே தொடங்கிவிடுங்கள்.

1. வருஷத்துக்குத் துவரை வாங்கினால் உடைக்காமல் முழுசாக வாங்குங்கள். சலித்த செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்துத் துவரையில் பிசறி, ஓர் இரவு வைத்திருந்து, கலகலவென்று ஆகும்வரை காயவையுங்கள். மண் பூசிய துவரையை வண்டு எளிதில் துளைக்காது. உடைத்த பருப்பு என்றால், கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவி வைத்தால் போதும்.

2. அரிசியை வெயிலில் போடாதீர்கள், நொறுங்கும். நிழலில் உலர்த்தி, டின்னைப் பலகைமேல் வையுங்கள். நொச்சி, வேப்ப இலைகளை நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே போட வேண்டும். பச்சை இலையின் ஈரமே அரிசியைக் கெடுத்துவிடும்.

3. மோர் மிளகாய்க்குக் குண்டு மிளகாய் நல்லது. காம்பை விட்டுவிட்டு நுனியில் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவையுங்கள். பகலில் வெயில், இரவில் மறுபடி அதே மோர். மோர் முழுவதும் வற்றியபின், மிளகாய் உடையும் பதம் வரை காயட்டும். சுண்டைக்காயை லேசாகத் தட்டிப் போட்டு இதே போல் செய்யலாம்.

4. வற்றல், வடாம் எதுவானாலும் வெயில் சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். மூடியில் வியர்த்து, அந்த ஈரத்திலேயே பூஞ்சை வரும். நன்றாக ஆறட்டும்.

5. புளியைக் கொட்டை, நார் நீக்கிக் காயவைத்து, கல் உப்புத் தூவித் தூவி மண்பானையில் அடுக்குங்கள். நிறம் கறுக்கும், பழம்புளி அப்படித்தான் இருக்கும்.

6. ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடிதான். எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். ஈரக் கரண்டி கூடவே கூடாது.

7. ஆட்டுக்கறியில் கொழுப்பை நீக்கி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, நூலில் கோத்து மொறமொறவென்று காயவைத்தால் உப்புக்கண்டம். மழை மாதத்தில் முயல வேண்டாம்.

8. நிலக்கடலையைத் தோட்டோடு வையுங்கள். பூஞ்சை பிடித்ததை மட்டும் கழுவியோ வறுத்தோ சேர்க்காதீர்கள். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது. மாட்டுக்கும் போடாதீர்கள், பால் வழியாக அது நம்மிடமே திரும்பி வரும்.