சியோலிலிருந்து சொக்சோ வரை

ஈப்போவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அக்டோபர் மாதப் பிற்பகுதியில் தென்கொரியாவுக்குச் சென்றார். இலையுதிர்கால மலைகளைப் பார்ப்பதும் கிம்ச்சியை அது பிறந்த மண்ணில் சுவைப்பதுமே அவருடைய நோக்கம். தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்துப் பழகிய நாடுதானே, புதிதாக என்ன இருக்கப்போகிறது என்றும் அவர் எண்ணியிருந்தார். ஆனால், எந்த ஊரில் எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒரே இடத்தில் போய் முட்டியது. 1950 முதல் 1953 வரை அந்த நாட்டை இரண்டாகக் கிழித்த போர்தான் அந்த இடம்.

முதல் மாலைப்பொழுது சியோல் நகரின் நடுவே ஓடும் சொங்கேசொன் ஓடைக்கரையில் கழிந்தது. சாலையிலிருந்து படிகளில் இறங்கியதும் வாகன இரைச்சல் அடங்கிவிடுகிறது. அலுவலகம் முடிந்தவர்கள் கரைக்கற்களில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். போருக்குப் பிறகு வீடிழந்தவர்கள் இதே கரைகளில் பலகை வீடுகளைக் கட்டிக் குடியேறினார்கள். ஓடை சாக்கடையானது. 1958இல் அதைக் காங்கிரீட்டால் மூடும் பணி தொடங்கியது. பின்னர் அதன்மேல் மேம்பாலச் சாலையும் எழுந்தது. அந்தச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையை மீண்டும் திறந்துவிட்டார்கள். அதன் நீளம் ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர். இயற்கை மீண்டுவிட்டது என்று இதைச் சொல்வது முழு உண்மையாகாது. ஓடையில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுவதே. ஆயினும், கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய சாலையை ஓர் ஓடைக்காக இடிக்கத் துணிந்த நகரங்கள் உலகில் அதிகமில்லை.

மறுநாள் உணவுக்கடையில், கேட்காமலேயே கிம்ச்சி மேசைக்கு வந்தது. தட்டு காலியானதும் மீண்டும் நிரப்பினார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சீன முட்டைக்கோசை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி சேர்த்துப் புளிக்கவைப்பது கிம்ச்சி. இது வெறும் காய்கறி என்று நினைத்துவிடக் கூடாது. பல வீடுகளில் உப்பிட்டுப் புளித்த இறாலையோ நெத்திலிச் சாற்றையோ சேர்க்கிறார்கள். பெலாச்சான் பழகிய நாவுக்கு அந்த மணம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால், சைவ உணவு உண்போர் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. பௌத்த மடங்களில் சமைக்கும் கிம்ச்சியில் மீனும் இறாலும் மட்டுமல்ல, பூண்டுகூட இருப்பதில்லை.

குளிர்காலம் தொடங்குமுன் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடிக் குடம் குடமாகக் கிம்ச்சி தயாரிக்கும் வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். தென்கொரியாவின் இந்த மரபை யுனெஸ்கோ 2013இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, வடகொரியாவின் கிம்ச்சி மரபும் அதே பட்டியலில் தனியாக இடம்பெற்றது. பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த ஒரே உணவு, எல்லைக்கோடு விழுந்ததால் இரண்டு நாட்டுச் சொத்தாகப் பதிவாகியிருக்கிறது.

சியோலிலிருந்து தெற்கே பூசானுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். போரின் பெரும்பகுதியில் பூசான்தான் தென்கொரியாவின் தற்காலிகத் தலைநகர். வடக்கிலிருந்து தப்பிவந்த மக்கள் இந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்தார்கள். அவர்கள் ஊரில் விருப்பமாக உண்டது நெங்மியோன் என்னும் குளிர்ந்த நூடல்ஸ். அதற்குப் பக்வீட் என்ற தானியமாவோ கிழங்கு மாவோ வேண்டும். பூசானில் அவை எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு கிடைத்தது. அதைக் கொண்டு சமாளித்துச் செய்த உணவுக்கு மில்மியோன், அதாவது கோதுமை நூடல்ஸ், என்று பெயர் வந்தது. இன்று அது பூசானின் பெருமைக்குரிய உணவு. பனிக்கட்டி மிதக்கும் சாறு, மிளகாய் விழுது, வெள்ளரிக்காய், பாதி முட்டை. நூடல்ஸ் நீளமாக இருப்பதால் அதை வெட்டக் கத்தரிக்கோலும் தருகிறார்கள். ஆசிரியைக்கு முதல் வாய் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சூடில்லாத நூடல்ஸை நாக்கு ஏற்கவில்லை. கிண்ணத்தின் பாதியைக் கடந்தபோது கருத்து மாறிவிட்டது.

அந்தக் கடையில் ஒரு சிறுமி “அப்பா!” என்று கூப்பிட்டாள். ஆசிரியை சட்டெனத் திரும்பிப் பார்த்தார். கொரிய மொழியிலும் தந்தையை அப்படித்தான் அழைக்கிறார்கள். இதை வைத்து இரண்டு மொழிகளுக்கும் உறவு கொண்டாடுவோர் உண்டு. ஆனால், பெற்றோரை அழைக்கும் சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒன்றுபோல ஒலிப்பவை. அவற்றை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது.

பூசானின் கம்சொன் கிராமம் மலைச்சரிவில் படிக்கட்டுகள்போல் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. பின்வீட்டின் பார்வையை முன்வீடு மறைக்காதவாறு 1950களில் ஏழைகள் கட்டிய குடியிருப்பு அது. 2009இல் தொடங்கிய கலைத்திட்டத்தால் சுவர்கள் வண்ணம் பெற்றன, பயணிகள் பெருகினார்கள். அதனால் கடைகளுக்கு வருமானம் வந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கோ நிம்மதி போயிற்று. ‘இங்கே மக்கள் வாழ்கிறார்கள், சத்தம் வேண்டாம்’ என்ற பொருளில் எழுதிய அறிவிப்பைக் கண்டதும், படமெடுக்க உயர்த்திய கைப்பேசியை ஆசிரியை பைக்குள் வைத்துக்கொண்டார்.

பூசானிலிருந்து கிழக்குக் கடலோரமாகக் கங்னுங் நகருக்கு ரயில் செல்கிறது. 2025 ஜனவரி முதல் தேதி அந்தப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. கங்னுங்கில் இறங்கிப் பேருந்து ஏறினால் வடக்கே சொக்சோ. போருக்கு முன் இந்த ஊர் வடகொரியாவின் ஆட்சியில் இருந்தது.

சொக்சோவின் முதுகுக்குப் பின்னால் சொராக் மலை நிற்கிறது. அதன் உச்சி 1,708 மீட்டர் உயரம். மேப்பிள் இலைகள் சிவந்து, பள்ளத்தாக்கு முழுவதும் மருதாணியில் தோய்த்ததுபோல் இருந்தது. காடு முடியும் இடத்தில் உல்சான் பாறை சுவர்போல் எழுகிறது. இதைப் பற்றி ஒரு நாட்டுப்புறக் கதை உண்டு. கும்காங் மலையின் பன்னிரண்டாயிரம் சிகரங்களை அமைக்க, நாட்டிலுள்ள அழகிய பாறைகளுக்கெல்லாம் அழைப்பு வந்ததாம். தெற்கே உல்சானிலிருந்து புறப்பட்ட இந்தப் பாறை, உடல் பருத்திருந்ததால் மெதுவாக நடந்தது. போய்ச் சேருமுன் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. ஊர் திரும்ப வெட்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்டதாம். கும்காங் மலை இப்போது வடகொரியாவில் இருக்கிறது. பாறை இன்று புறப்பட்டாலும் வழி இல்லை.

சொக்சோ துறைமுகத்தை ஒட்டிய மணல்திட்டில் அபாய் கிராமம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் தமிழ்க் காதுக்கு அபாயம் நினைவுக்கு வரும். வடக்கே ஹம்கியொங் வட்டார வழக்கில் அது பெரியவரை அழைக்கும் சொல். 1951 ஜனவரியில் தென்கொரியப் படை பின்வாங்கியபோது அதனுடன் வந்த ஹம்கியொங் மக்கள் இங்கே தங்கினார்கள். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்பது அவர்களின் எண்ணம். திரும்பப் போகிறவர்களுக்கு நல்ல வீடு எதற்கு என்று, மணல்மேல் கிடைத்ததைக் கொண்டு குடிசை போட்டார்கள். 1953 ஜூலை 27ஆம் நாள் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது, எல்லை அடைபட்டது. மனைவியிடம் “சீக்கிரம் வந்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் மணல்திட்டிலேயே முதுமை அடைந்தார்கள். அந்த முதல் தலைமுறையினரில் இன்று எஞ்சியிருப்போர் வெகு சிலரே.

அவர்கள் விட்டுச்சென்ற உணவு நிலைத்துவிட்டது. வடக்கே பன்றிக்குடலில் அரிசியும் காய்கறியும் திணித்துச் சுண்டே செய்வார்கள். இங்கே கடலில் மலிவாகக் கிடைத்த கணவாய் குடலுக்குப் பதிலாயிற்று. வட்டமாக நறுக்கி, முட்டையில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள். அண்மைக் காலத்தில் கணவாய் வரத்து வெகுவாகக் குறைந்துவிட்டதால் விலை மலிவாக இல்லை. கிராமத்துக்குப் போக ஒரு தட்டைப் படகு உண்டு. அதற்கு இயந்திரம் கிடையாது. இரு கரைக்கும் இடையே கட்டிய கம்பிவடத்தை இரும்புக் கொக்கியால் இழுத்து இழுத்தே அக்கரை சேர வேண்டும். ஆசிரியையும் ஒரு கொக்கியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

கடைசி நாள், இன்னும் வடக்கே கொசொங்கில் உள்ள பார்வைக் கூடத்துக்குப் போனார். பெயரைப் பதிவு செய்த பிறகே உள்ளே விடுகிறார்கள். கடற்கரை நெடுக முள்வேலி. அதற்கப்பால் தொடங்கும் படைவிலக்கப் பகுதி, நாட்டின் குறுக்கே நான்கு கிலோமீட்டர் அகலத்தில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நீள்கிறது. கண்ணிவெடிகளுக்கு அஞ்சி மனிதர் பெரும்பாலும் நுழையாததால் காடு தானாக வளர்ந்திருக்கிறது. மேற்கே சொர்வொன் சமவெளிக்குக் குளிர்காலத்தில் செந்தலைக் கொக்குகள் வந்து தங்குகின்றன. அவற்றுக்கு எல்லை இல்லை. பிரிந்த குடும்பங்கள் சந்திக்க இரு அரசுகளும் சில முறை ஏற்பாடு செய்தன. கடைசியாக நடந்தது 2018 ஆகஸ்டில், கும்காங் மலையில்.

அன்று வானம் தெளிவாக இருந்தது. கும்காங் மலையின் சிகரங்கள் கண்ணுக்கே தெரிந்தன. தொலைநோக்கியின் முன் ஒரு முதியவர் குனிந்து நின்றார், நெடுநேரமாகியும் நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பள்ளி மாணவர்கள் அவரை அவசரப்படுத்தவில்லை.