துளைக்குள் ஒரு சாட்சி

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருவோர் பலர் அப்படியே மாமல்லபுரத்துக்கும் போவதுண்டு. அங்கே பல்லவர் காலத்துச் சிற்பமும் இருக்கிறது. சாலையோரப் பட்டறையில் நேற்று முடித்த சிற்பமும் இருக்கிறது. கல்லின் வயதை அளந்து இவற்றைப் பிரித்தறியலாமா? முடியாது. செங்கற்பட்டு வட்டாரத்துச் சார்னோக்கைட் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கதிரியக்க முறை சொல்வது பாறை உருவான காலத்தை. உளி பட்ட காலத்தையன்று.

மெசபடோமியாவின் உருளை முத்திரைகளிலும் இதே சிக்கல்தான். சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை அவை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள கல் உருளையில் உருவங்களைக் குடைந்திருப்பார்கள். ஈரக் களிமண்ணில் உருட்டினால் புடைப்புச் சித்திரம் விழும். கயிறு கோக்க நீளவாட்டில் ஒரு துளை. 2003-இல் பாக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து ஏறத்தாழ 5,000 முத்திரைகள் களவு போயின. களவுப் பொருளும் போலியும் ஒரே சந்தையில் விலைபோகின்றன.

போலி செய்பவன் படத்தை நன்றாகவே காப்பியடிப்பான். துளைக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? பார்த்தவர் ஒரு பல் மருத்துவர்! அமெரிக்கரான லெனார்ட் கோரெலிக், பேராசிரியர் ஜான் குவின்னெட்டுடன் சேர்ந்து, 1970-களின் பிற்பகுதியில் இவ்வாய்வில் இறங்கினார். பல்லுக்கு அச்செடுப்பதுபோலச் சிலிகோன் பசையால் துளைக்கு அச்செடுத்து, அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள்.

துளைத்த கருவி தன் கையெழுத்தை அங்கே விட்டிருக்கும். செம்பு குவார்ட்சைவிட மென்மையானது. அதனால் தனியே துளைக்க இயலாது. செம்பு முனையோடு இடும் குருந்தப் பொடியே துளைக்கிறது. மோஸ் அளவில் குருந்தம் 9, குவார்ட்ஸ் 7. (ஆங்கிலேயர் சொல்லும் ‘கொரண்டம்’ நம் சொல்லிலிருந்து போனதுதான்!) பொடி சுழன்று தேய்க்கும்போது நுண்ணிய வட்டக் கோடுகள் விழும். கல்முனைத் துறப்பணம் தாறுமாறாகக் கீறும். தவிர, அக்காலத்தார் பெரும்பாலும் இரு முனைகளிலிருந்தும் துளைத்தார்கள். இரண்டும் நடுவில் சரியாகச் சந்திப்பதில்லை. சலவைச் சோப்பில் இருபுறமும் ஆணியால் துளையிட்டு, நீளவாட்டில் பிளந்து பாருங்கள். நடுவே ஒரு படி தெரியும்.

இதற்கும் ஒரு தந்திரம் உண்டு. வேலைப்பாடில்லாத பழைய உருளையை வாங்கி, அதில் புதுப் படம் வெட்டிவிடலாம். அப்போது துளை உண்மை, படம் பொய்! ஆகவே படத்தின் கோடுகளுக்கும் அச்செடுத்துப் பார்த்தாக வேண்டும்.

நம் நாட்டில், மயிலாடுதுறையருகே செம்பியன் கண்டியூரில், 2006-இல் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் மெருகிட்ட கற்கோடரி கிடைத்தது. அதிலுள்ள நான்கு குறிகள் சிந்துவெளி எழுத்துகளே என்றார் ஐராவதம் மகாதேவன். ஏற்காத அறிஞர்களும் உண்டு. கோடரியைத் தீட்டிய காலத்திலேயே குறிகளும் வெட்டப்பட்டனவா? கோடரியின் வயதைக் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. குறியின் கோடு மெருகுக்குமேல் வெட்டிச் செல்கிறதா, மெருகு கோட்டுக்குள்ளும் இறங்கியிருக்கிறதா என்பதை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.