காலேஜ் படிப்புக்கு அரசுப் பணம்: யாருக்குக் கிடைக்கும்?

பிள்ளை பிளஸ் டூ பாஸாகிவிட்டது. அடுத்து என்ன?

ஏலப்பாறையில் எந்த லயத்தில் கேட்டாலும் பேச்சு பணத்தில்தான் வந்து நிற்கிறது. பஸ் கட்டணம் வேண்டும். பரீட்சைக் கட்டணம் வேண்டும். புத்தகம் வேண்டும். கட்டப்பனை, குட்டிக்கானம் என்றால் தினமும் போய் வரலாம். கோட்டயம் என்றால் ஹாஸ்டலில் தங்க வேண்டும். "படித்தது போதும், திருப்பூருக்கு வேலைக்குப் போ" என்று சொல்லிவிடும் வீடுகளும் உண்டு.

அப்படிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அரசு தரும் உதவித்தொகை நம் பிள்ளைக்கு உண்டா என்று பார்ப்போம்.

உதவித்தொகை கடன் இல்லை. அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். யாரோ மனம் இரங்கித் தரும் தர்மமும் இல்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்படிப்பு உதவித்தொகை 1944-ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தத் திட்டம் தொடர்ந்தது. 2021-இல் விதிகள் புதிதாக்கப்பட்டன. செலவில் 100 ரூபாய்க்கு 60 ரூபாய் மத்திய அரசு தருகிறது. 40 ரூபாய் மாநில அரசு தருகிறது. கேரளத்தில் இதற்கு 'இ-கிராண்ட்ஸ்' என்ற வழியாக விண்ணப்பம் போடுகிறோம். அக்ஷயா மையத்திலும் போடலாம். பிறகு அது கல்லூரிக்குப் போகும். கல்லூரி சரிபார்த்து அனுப்பும்.

யாருக்குக் கிடைக்கும்? முதலில் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். பிறகு வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். என்ன படிப்பு, எந்தக் கல்லூரி என்று பார்ப்பார்கள். இதில் நம் பகுதி ஆட்களுக்குக் கஷ்டம் முதல் காகிதத்தில்தான். அதனால் அதைப் பற்றியே அதிகம் பேசுவோம்.

10-8-1950

இந்தத் தேதியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 1950 ஆகஸ்ட் 10. எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்று குடியரசுத் தலைவர் ஆணை வெளியிட்ட நாள் அது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டார்கள்.

நம் முன்னோர்கள் திருநெல்வேலி, மதுரை, கம்பம் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டி வந்து மலை ஏறியவர்கள். அவர்கள் புறப்பட்ட ஊர் அன்றைக்குச் சென்னை மாகாணம். வந்து சேர்ந்த பீருமேடு அன்றைக்குத் திருவிதாங்கூர். அதாவது ஒரு மாநிலத்திலிருந்து வேறொரு மாநிலத்துக்கு வந்தவர்கள்.

விதி இப்படிச் சொல்கிறது. உங்கள் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ, அந்த மாநிலத்தின் பட்டியல் சாதி நீங்கள். அதற்குப் பிறகு வந்த குடும்பம் என்றால், சாதி மாறாது. ஆனால் இந்த மாநிலத்தின் பட்டியல் சாதிச் சலுகையைக் கேட்க முடியாது. பழைய மாநிலத்தில்தான் கேட்க வேண்டும். மத்திய அரசின் காரியங்களுக்கும் அந்தச் சான்றிதழ் செல்லும்.

வகுப்பில் ஒரு அக்கா கேட்டார். "பள்ளர், பறையர், சக்கிலியர் என்ற பேரெல்லாம் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. கேரளப் பட்டியலிலும் இருக்கிறது. அப்புறம் என்ன தம்பி தடை?"

நல்ல கேள்வி. பெயர் இரண்டு பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் பதில். 1990-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆந்திராவில் பிறந்த ஒரு மாணவர், அப்பாவின் வேலை காரணமாகப் பம்பாயில் வளர்ந்தார். அங்கே டாக்டர் படிப்புக்கு இடஒதுக்கீடு கேட்டார். கிடைக்கவில்லை. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் குடிபெயர்ந்து போன மாநிலத்தில் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018-இல் இன்னொரு வழக்கிலும் அதையே உறுதி செய்தது.

நம் மாவட்டத்திலேயே இந்தத் தேதி பெரிய வழக்கில் பேசப்பட்டது. 2021 தேர்தலில் தேவிகுளம் தனித் தொகுதியில் அ. ராஜா ஜெயித்தார். அவர் அந்தத் தொகுதிக்குத் தகுதியானவர் இல்லை என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தேர்தல் செல்லும் என்றது. குடும்பம் 1950-க்கு முன்பே மலைக்கு வந்ததா என்பதும் அந்த வழக்கில் ஆராய்ந்த கேள்விகளில் ஒன்று. ஒரு எம்.எல்.ஏ.வுக்கே தாத்தா பாட்டி காலத்துக் கதை தேவைப்பட்டது. நம் பிள்ளைக்குத் தேவைப்படாதா?

எனக்கு இந்த விதி நியாயமாகப் படவில்லை. 1952-இல் கொழுந்து கிள்ள வந்த பாட்டியும் அதே லயத்தில்தான் இருந்தார். அதே அட்டைக்கடியைத்தான் பட்டார். ஆனால் தாலுக்கா ஆபீஸில் நியாயம் பேசி நேரம் போக்குவதை விடக் காகிதம் தேடுவது நல்லது.

எங்கே தேடுவது?

வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் முதலில் அதைத் திறங்கள். தாத்தாவின் தோட்டச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, வேலையிலிருந்து நின்றபோது கொடுத்த காகிதம், எதையும் எறிந்துவிடாதீர்கள். செல்லரித்திருந்தாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

அப்பா, பெரியப்பா, அத்தை படித்த பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். அதில் சாதி எழுதியிருப்பார்கள். பிறந்த தேதியும் இருக்கும். பெரியப்பா 1948-இல் இங்கே பிறந்தார் என்று காட்ட முடிந்தால், தாத்தா அப்போது இங்கே இருந்தார் என்பதற்கு அது ஒரு ஆதாரம்.

தோட்ட ஆபீஸில் பழைய செக்ரோல், பேரேடு இருந்தால் கேளுங்கள். பி.எஃப். காகிதமும் உதவும். ஆனால் பி.எஃப். சட்டமே 1952-இல்தான் வந்தது. அதனால் அந்தக் காகிதம் ஒன்றை மட்டும் வைத்து 1950-ஐக் காட்டிவிட முடியாது. அதோடு வேறொன்றும் சேர்க்க வேண்டும்.

மூடிக் கிடக்கும் தோட்டம் என்றால் சிரமம் இன்னும் கூடும். பீருமேடு டீ கம்பெனி 2000-ஆம் ஆண்டில் மூடியது. அப்படிப்பட்ட இடங்களில் ஆபீஸில் கேட்க ஆள் இருக்காது. பழைய கணக்குப்பிள்ளை யாராவது உயிரோடு இருந்தால் அவரிடம் விசாரியுங்கள். யூனியன் ஆபீஸிலும் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26-இல் உருவானது. அதற்கு முன் பீருமேடு தாலுக்கா கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. பழைய காகிதத்தில் 'கோட்டயம்' என்று இருந்தால் 'இது நம்முடையது இல்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழைத் தருபவர் தாசில்தார். மனு போட்டால் வில்லேஜ் ஆபீஸர் விசாரிப்பார். பிறகு தாசில்தார் முடிவு செய்வார். 'தர முடியாது' என்று சொன்னால் வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேலே அப்பீல் போக முடியும்.

அம்மா கம்பத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர் என்றால் பயப்பட வேண்டாம். பிள்ளைக்குப் பொதுவாக அப்பா வழியைத்தான் பார்க்கிறார்கள்.

கிறிஸ்தவராக மாறிய குடும்பங்களும் நம்மிடையே நிறைய உண்டு. சட்டப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியில் வருவார்கள். ஆனால் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களை 'ஓ.இ.சி.' என்ற பிரிவில் சேர்த்துக் கேரள அரசு கல்விச் சலுகை தருகிறது. அந்தப் பிரிவில் விண்ணப்பம் போடுங்கள். மற்றப் பிற்பட்ட சாதிகளுக்கு வில்லேஜ் ஆபீஸரே சான்றிதழ் தருவார்.

வருமானக் கணக்கு

மத்திய அரசுத் திட்டத்தில் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பட்டியல் சாதிக்கும் இதே வரம்பு. பிற்பட்டோருக்கான மத்தியத் திட்டத்துக்கும் இதே வரம்பு.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை. 450 × 26 = 11,700. பன்னிரண்டு மாதத்துக்கு 1,40,400 ரூபாய். அப்பாவும் அம்மாவும் இருவரும் ஒரு நாள் விடாமல் வேலை பார்த்தால் 2,80,800 ரூபாய். வரம்பைத் தாண்டிவிட்டது!

ஆனால் எந்தத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் ஒரு நாள் விடாமல் வேலை கிடைக்கிறது? காய்ச்சல் வந்து படுத்த நாள் உண்டு. தோட்டம் பூட்டிக் கிடந்த மாதம் உண்டு. ஆகவே உண்மையில் கைக்கு வந்த கூலி எவ்வளவு என்று சம்பளச் சீட்டை வைத்துக் கூட்டிப் பாருங்கள். அந்தச் சீட்டுகளை வில்லேஜ் ஆபீஸில் காட்டுங்கள். உள்ளதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். உள்ளதை விடக் கூட்டி எழுதவும் விட வேண்டாம்.

அண்ணன் திருப்பூரில் சம்பாதிக்கிறான், அதையும் சேர்ப்பார்களா? பட்டியல் சாதி உதவித்தொகையில் சேர்க்கக் கூடாது. அப்பா அம்மா இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும், பெற்றோரின் வருமானத்தை மட்டுமே பார்க்க வேண்டும். அண்ணன், அக்கா கூலி கணக்கில் வராது. இது பலருக்குத் தெரிவதில்லை.

வருமானம் கொஞ்சம் தாண்டிவிட்டால் விண்ணப்பமே போடாமல் இருந்துவிடாதீர்கள். மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் தரும் சலுகைகளுக்கு விதி வேறு. பிளாக் அளவில் பட்டியல் சாதி வளர்ச்சி அதிகாரி இருக்கிறார். ஏலப்பாறை அழுதா பிளாக்கைச் சேர்ந்தது. அந்த ஆண்டின் விதி என்ன என்று அவரிடம் கேளுங்கள்.

படிப்பு

பட்டியல் சாதி உதவித்தொகைக்கு ஒரு வீட்டில் இத்தனை பிள்ளை என்று எண்ணிக்கை கிடையாது. எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் பி.ஏ. முடித்துவிட்டு மறுபடி பி.காம். சேர்ந்தால் கிடைக்காது. ஒரே படியில் இரண்டு முறை தர மாட்டார்கள். அதனால் சேரும் முன் யோசித்துச் சேர வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? கட்டணம் தனி. அது போக, 2021 மத்திய விதிப்படி, பி.ஏ. போன்ற சாதாரணப் பட்டப் படிப்புக்கு வீட்டிலிருந்து போய் வருபவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். ஹாஸ்டலில் இருப்பவருக்கு 6,000 ரூபாய். பெரிய தொகை இல்லை. பல நேரம் தாமதமாகவும் வரும். அதனால் முதல் மாதச் செலவுக்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு வேறொரு மத்திய உதவித்தொகையும் இருக்கிறது. எல்லாச் சாதியினரும் கேட்கலாம். தன் போர்டில் எழுதிய 100 பேரில் முதல் 20 பேருக்குள் வரும் அளவுக்கு மார்க் வேண்டும். குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

"தேனியில் என் தங்கச்சி மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருதே?" என்று சிலர் கேட்கிறார்கள். அது தமிழ்நாட்டு அரசின் புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. தொடங்கியபோது அது ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உரியதாக இருந்தது. ஏலப்பாறையில் பள்ளி படித்த பெண்ணுக்குக் கிடைக்காது.

பெயரும் பாங்கியும்

தமிழர்கள் அப்பா பெயரின் எழுத்தை முன்னால் போடுகிறோம். கேரளத்தில் பின்னால் போடுவார்கள். பள்ளிச் சான்றிதழில் 'செல்வி எம்.', ஆதாரில் 'எம். செல்வி', பாங்கியில் 'செல்வி முருகன்' என்று இருந்தால் பணம் நடுவழியில் நின்றுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றதைத் திருத்துங்கள்.

பணம் பிள்ளையின் பெயரிலுள்ள கணக்குக்கு நேராக வரும். ஆதாரை எந்தக் கணக்கில் கடைசியாக இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் வரும். பணம் வரவில்லை என்றால் பழைய கணக்கையும் பாருங்கள். யாரிடமும் ரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள். அக்ஷயா மையத்தில் பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். விண்ணப்ப எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

வருமானச் சான்றிதழைப் படிப்பு சேரும் ஆண்டில் வாங்கினால் போதும். சாதிச் சான்றிதழுக்குப் பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போதே மனு போடுங்கள். 1950-ஆம் ஆண்டுக் காகிதம் ஒரே வாரத்தில் கிடைக்காது.

எழுதிப் பாருங்கள்

1. உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார்? எந்த ஆண்டு? வீட்டில் வயதானவரிடம் கேட்டு எழுதுங்கள்.

2. அவர் முதலில் வேலை பார்த்த தோட்டம் எது? அங்கே பிறந்த முதல் பிள்ளை யார்? அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தது?

3. ஒரு நாள் கூலி 460 ரூபாய். அப்பா ஆண்டில் 240 நாள் வேலை செய்தார். அம்மா 270 நாள் வேலை செய்தார். இருவர் வருமானமும் சேர்ந்து எவ்வளவு? 2,50,000 ரூபாய்க்குள் வருகிறதா?

4. பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாங்கிப் புத்தகம் மூன்றிலும் உங்கள் பிள்ளையின் பெயர் எப்படி இருக்கிறது? மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள்.