காரணம் தெரியாத சிறுநீரக நோய்

1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் போய், காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள் பல. போரினால் மீண்டும் இடம்பெயர்ந்து அக்கரப்பத்தனை போன்ற இடங்களில் உறவினரை நாடி வந்தவர்கள் இந்தப் பாடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஊர் மாறினாலும் உடலில் ஏற்பட்ட பாதிப்பு கூடவே வரும்.

என்ன நோய்?

1990களின் நடுப்பகுதியில் வட மத்திய மாகாணத்தில் இந்நோய் கவனத்துக்கு வந்தது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. மதவாச்சி, பதவிய, மெதிரிகிரிய, கிராந்துருகோட்டை ஆகிய இடங்களில் பாதிப்பு அதிகம். வவுனியாவின் சில பகுதிகளிலும் உண்டு. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் காணப்படுகிறது.

ஏன் வருகிறது?

சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் 2009 முதல் 2012 வரை ஆராய்ந்தன. கட்மியம், கிணற்று நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், பூச்சிகொல்லி, களைகொல்லி, வெயிலில் நீர் குடியாமல் உழைத்தல் எனப் பல சந்தேகங்கள் எழுந்தன. 2015இல் கிளைபோசேட் களைகொல்லி தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலை, இறப்பருக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதுதான் காரணம் என்று எல்லோரும் ஏற்கும் முடிவு கிடைக்கவில்லை. ஆனால் இது தொட்டால் பரவும் நோயல்ல; சாபமுமல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. தொடக்கத்தில் வலியோ வீக்கமோ தெரியாது. ஆகவே சுகமாய் இருக்கும்போதே பரிசோதியுங்கள்.
2. சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் போதாது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்க்கும்படி கேளுங்கள்.
3. முன்பு எங்கே குடியிருந்தீர்கள், எந்தக் கிணற்று நீர் குடித்தீர்கள், எந்த மருந்து தெளித்தீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.
4. உடல்வலிக்கு ஐபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற குளிசைகளைத் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். அவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.
5. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைட்டும் உலோகமும் நீங்கா. வரண்ட பிரதேசத்துக்குத் திரும்புவோர் சுத்திகரித்த நீரையோ சுத்தமாகச் சேகரித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.
6. முற்றாகக் குணமாக்குவோம் என்பவர்களை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம். பழுதான பகுதி திரும்பாது. ஆனால் நேரத்தோடு கண்டறிந்தால் எஞ்சியதை நீண்ட காலம் காக்கலாம்.

காரணம் தெரியும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை.

கலந்துரையாட:

• நம் லயத்தில் வரண்ட பிரதேசத்தில் கமம் செய்தவர்கள் யார்? அவர்கள் இரத்தப் பரிசோதனை செய்தார்களா?
• கிளினிக் நாளில் ஒருவரின் நாட்சம்பளம் இல்லாமற்போனால், நாம் எப்படி உதவலாம்?